புதுப்பிப்பு: பல்லடம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் வேண்டுமா?

பக்கத்துத் தறிக்குடோனில் மோட்டார் போடும்போதெல்லாம் லைட் மங்குகிறது, கம்ப்யூட்டர் தானாக அணைந்து எழுகிறது, கரண்ட் போனாலும் பேட்டரியில் கொஞ்ச நேரம் ஓட்டும் யூபிஎஸ் வாங்கட்டுமா, மின்சாரம் திடீரென எகிறினால் தடுக்கும் ஸ்பைக் கார்டே (spike guard) போதுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றிங்க.

இரண்டும் வாங்கிவிட்டேன். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது எர்த். எலக்ட்ரீஷியன் அண்ணன் மீட்டர் வைத்துப் பார்த்தபோது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 40 வோல்ட் காட்டியது, எர்த் சரியில்லை என்று அர்த்தம். ஸ்பைக் கார்டுக்குள் இருக்கும் வேரிஸ்டர், திடீரென எகிறி வரும் மின்சாரத்தில் பெரும்பகுதியை எர்த்துக்குத்தான் தள்ள வேண்டும். அந்த வழி அடைபட்டிருந்தால் பாதி வேலை நடக்காது. எர்த் குழியைத் தோண்டி, கரியும் உப்பும் புதிதாகப் போட்டு, துருப்பிடித்த கம்பியையும் மாற்றினார். இப்போது 2 வோல்ட்தான்.

யூபிஎஸ் 600 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்); அது தாங்குவது 360 வாட். கரண்ட் போனபின் பத்து நிமிடம் ஓடுகிறது, வேலையைச் சேமித்து அணைக்க அது தாராளம். லேசர் பிரிண்டரை மட்டும் அதில் மாட்டிவிடாதீர்கள், சூடேறும்போது அது இழுக்கும் கரண்ட்டுக்கு யூபிஎஸ் திணறிவிடும். லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு யூபிஎஸ் தேவையே இல்லை, உள்ளேயே பேட்டரி இருக்கிறது.

அப்புறம், பக்கத்தில் விழும் இடியை இவை எதுவும் முழுதாகத் தடுக்காது. ஐப்பசி மழைக்கு வானம் கருத்தாலே பிளக்கைப் பிடுங்கிவிடுகிறேன், செம்புக் கம்பியில் வரும் இன்டர்நெட் வயரையும் சேர்த்து.