சூனியக்காரி ஓவியம் அச்சிட்ட பீங்கான் குவளையைப் புதுமனைக்குக் கொடுக்கலாமா?

கேள்வி (காரைக்குடி):
ஓவிய ஆசிரியையான என் அத்தை மகள் பள்ளத்தூரில் புதுமனை புகுகிறாள். ஜான் வில்லியம் வாட்டர்ஹவுஸ் வரைந்த ‘மந்திர வட்டம்’ அவளுக்கு மிகவும் பிடித்த ஓவியம் என்பதால், அதைப் பீங்கான் காபிக் குவளையில் அச்சிட்டுக் கொடுக்க எண்ணியிருக்கிறேன். கொதிக்கும் கொப்பரை, ஒரு பெண்ணின் கையில் கோல், கழுத்தில் பாம்பு, சுற்றிலும் காக்கைகள் என்றிருப்பதைக் கண்ட எங்கள் அப்பத்தா, ‘பில்லி சூனியப் படத்தை நல்ல காரியத்துக்குக் கொண்டு போகாதே’ என்று தடுக்கிறார்கள். அந்த ஓவியத்தின் பொருள் என்ன? அன்றாடம் புழங்கினால் அச்சு நிலைக்குமா?

பதில் (தேவகோட்டை):
ஆச்சி, 1886இல் வரையப்பட்ட அந்த ஓவியம் லண்டன் டேட் கலைக்கூடத்தின் தொகுப்பில் உள்ளது. ஏறக்குறைய ஆறடி உயரம் கொண்டது. வட்டத்துக்கு உள்ளே எவை, வெளியே எவை என்று மட்டும் அப்பத்தாவுக்குக் காட்டுங்கள். காக்கைகளும் தவளையும் வெளியே நிற்க, அந்தப் பெண்ணும் நெருப்பும் பூக்களும் உள்ளே இருக்கின்றன. கோலின் முனை தரையில் இழுக்கும் கோடு கனல்போல் ஒளிர்கிறது. கொப்பரையின் ஆவியோ கலையாமல் தூணாக நேரே எழுகிறது. யாருக்கும் தீங்கு செய்யும் காட்சியாக இது எனக்குப் படவில்லை. தீயவற்றை எல்லைக்கு அப்பால் நிறுத்தும் காவலாகவே காண்கிறேன்.

பதில் (கானாடுகாத்தான்):
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஸ்பானிய ஓவியர் கோயா 1797-98இல் ஓசுனா பிரபு தம்பதிக்காக வரைந்த சூனியக்காரிகளின் கூட்டமாக இருந்தால், நானே வேண்டாம் என்றிருப்பேன். மாட்ரிட்டில் உள்ள அந்த ஓவியத்தில் ஆட்டுக்கடா உருவில் சாத்தான் அமர்ந்திருக்க, பெண்கள் அதனிடம் குழந்தைகளைக் கொடுக்கிறார்கள். மூடநம்பிக்கையைச் சாடவே கோயா அதை வரைந்தார் என்பது கலை வரலாற்றாளர் பலரின் கருத்து என்றாலும், குழந்தைகள் ஓடியாடும் வளவில் அது வேண்டாம். உங்கள் படத்துக்கு அந்தத் தடை இல்லை. ஆயினும் பெரியவர்கள் மனம் கோணாதிருக்க, புதுமனை அன்று எவர்சில்வர் குடமோ குத்துவிளக்கோ வைத்துக் கொடுத்துவிட்டு, குவளையை அவள் பிறந்த நாளுக்குக் கொடுங்கள்.

பதில் (காரைக்குடி, அச்சுத் தொழில்):
கடைகளில் செய்யும் மக் பிரிண்டிங்கில், பாலியெஸ்டர் பூச்சுள்ள குவளையைச் சுற்றிப் படத்தாளை ஒட்டி, சுமார் 180 முதல் 200 டிகிரி வெப்பத்தில் சில நிமிடங்கள் அழுத்துவோம். சாயம் ஆவியாகிப் பூச்சுக்குள் இறங்குவதால் எளிதில் உரியாது. ஆனால் கம்பி நாரால் தேய்த்தால் பூச்சோடு படமும் கீறிப்போகும், பஞ்சு போதும்.

அதைவிட முக்கியமானது அளவு. குவளையின் அச்சுப் பரப்பு அகலமானது, ஓவியமோ நெட்டையானது. பரப்பை நிரப்பச் சொன்னால் படத்தைப் பெரிதாக்கி மேலும் கீழும் வெட்டிவிடுவார்கள். தரையிலுள்ள வட்டமும் கோலின் முனையும் போய்விட்டால், தேவகோட்டைக்காரர் சொன்ன காவலே படத்தில் இராது. ஆகவே முழு ஓவியத்தையும் வெட்டாமல், கைப்பிடியின் இருபுறமும் ஒவ்வொன்றாக வைக்கச் சொல்லுங்கள். பழுப்பு நிறங்கள் அச்சில் கறுத்துவிடக்கூடும் என்பதால், ஒரு மாதிரிக் குவளையைப் பார்த்த பிறகே சம்மதம் சொல்லுங்கள்.