க்ளோஜரில் ரிவர்ஸை நாமே எழுதிப் பழகுவது வீண் வேலையா?

அடைப்புக்குறி:
க்ளோஜர் நிரல்மொழியைப் படிக்க ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. பயிற்சிக் கணக்கெல்லாம் ஒரே ரகம். கடைசி உறுப்பை எடு, ஆனால் லாஸ்ட் கூடாது. பட்டியலைத் திருப்பிப் போடு, ஆனால் ரிவர்ஸ் கூடாது. மொழியிலேயே இருப்பதை எதற்கு மறுபடி எழுத வேண்டும்? மேப், ஃபில்டர், குரூப்-பை போன்ற தயார்க் கருவிகளை வைத்து நேராக ஒரு சிஎஸ்வி கோப்பில் (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கை வைக்கலாமே.

மழைக்காகம்:
ரிவர்ஸை எழுதினீர்களா, கேள்வியைப் படித்ததோடு சரியா? உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் ரெட்யூஸுக்கு, ஓர் உறுப்பைச் சேர்க்கும் கான்ஜையும் ஒரு காலிப் பட்டியலையும் கொடுங்கள். 1, 2, 3 உள்ளே போனால் 3, 2, 1 வரும். அவ்வளவுதான் ரிவர்ஸ். இப்போது காலிப் பட்டியலுக்குப் பதில் காலி வெக்டர் (இட எண்ணால் உறுப்பை எடுக்கக்கூடிய வரிசை) வையுங்கள், போன வரிசையிலேயே திரும்பி வரும். கான்ஜ் பட்டியலில் முன்னால் சேர்க்கும், வெக்டரில் பின்னால். இது தெரியாமல் சிஎஸ்வியைத் தொட்டால், வரிகள் தலைகீழாக வரும்போது முழிக்க வேண்டியதுதான்.

அடைப்புக்குறி:
அதற்கு ஆவணத்தில் இரண்டு வரி படித்தால் போதும். லாஸ்டையும் ரிகர்ஷனில், அதாவது தன்னையே அழைக்கிற மாதிரி எழுதினேன். பத்து எண்ணுக்கு ஓடியது, ஒரு லட்சத்துக்கு ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, அழைப்புகளை அடுக்கி வைக்கும் இடம் நிரம்பி நின்றுவிட்டது!

பழையசோறு:
விழ வேண்டிய இடத்தில்தான் விழுந்திருக்கிறீர்கள். ஸ்கீம் என்ற மொழியில் கடைசி வேலையாகத் தன்னையே அழைத்தால் ஸ்டாக் வளராது. க்ளோஜர் ஓடுகிற ஜேவிஎம் (ஜாவாவின் மெய்நிகர் இயந்திரம்) அந்த உதவியைச் செய்யாது, அதனால் க்ளோஜரில் ரிகர் என்று நாமே எழுத வேண்டும். விழாதவருக்கு இது மண்டையில் ஏறாது. ஆனால் தடை போட்ட கணக்கையே மாதக்கணக்கில் செய்வதை நானும் ஏற்கமாட்டேன்.

அடைப்புக்குறி:
ரிகர் போட்டேன், ஓடுகிறது. சரி, ஒன்று கேட்கிறேன். வெக்டரைக் கொடுத்தாலும் லாஸ்ட் முதல் உறுப்பிலிருந்து ஒவ்வொன்றாக நடந்துதான் போகிறது. பீக் என்றால் கடைசி உறுப்பு சட்டென்று கையில். இதை எந்தப் பயிற்சியும் எனக்குச் சொல்லவில்லை, பக்கத்து சீட்டுக்காரர்தான் சொன்னார். நடந்து போகிற பழக்கத்தை அல்லவா இந்தக் கணக்குகள் கற்றுத்தருகின்றன?

மழைக்காகம்:
இது நியாயமான அடி, வாங்கிக்கொள்கிறேன். அப்படியே அந்தப் பீக்கை ஒரு பட்டியலுக்குக் கொடுத்துப் பாருங்களேன்.

அடைப்புக்குறி:
முதல் உறுப்பு வருகிறது! ஏன் இப்படி வைத்தார்கள்?

மழைக்காகம்:
கான்ஜ் எந்தப் பக்கம் சேர்த்தது?

அடைப்புக்குறி:
...முன்னால். அப்படியென்றால் கான்ஜ் சேர்க்கும் பக்கத்திலிருந்துதான் பீக் எடுக்கிறது. சரி, ரிவர்ஸை இன்றிரவு எழுதிப் பார்க்கிறேன். சிஎஸ்வி விஷயத்தில் மட்டும் என் கட்சி மாறவில்லை.