பழைய ஃபெர்ரிகளை உடைக்காமல் காப்பாற்ற வழியே இல்லையா?

அலைவாசி:
நான் சின்ன வயதிலிருந்து போய்வந்த ஃபெர்ரியை நிறுத்திவிட்டார்கள், உடைக்க விற்கப்போவதாகப் பேச்சு. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, சமீபத்தில்தான் பெயின்ட்கூட அடித்தார்கள். நன்றாக ஓடுகிற கப்பலை ஏன் உடைக்க வேண்டும்? ஹோட்டலாகவோ அருங்காட்சியகமாகவோ மாற்றலாமே, அதுவும் முடியாவிட்டால் புதுக் கப்பல் வாங்க வசதியில்லாத நாட்டுக்காவது கொடுக்கலாமே? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

என்ஜின்ரூம்:
பெயின்ட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள் நண்பரே. 5 வருடத்துக்கு ஒருமுறை வரும் பெரிய சர்வேயில் மீயொலிக் கருவி வைத்துத் தகட்டின் கனத்தை அளப்பார்கள், அங்கேதான் கப்பலின் உண்மையான வயது தெரியும். கழிப்பறைக்கும் சமையலறைக்கும் அடியில், கப்பல் நிலையாக நிற்கத் தண்ணீர் நிரப்பும் பாலஸ்ட் தொட்டிக்குள், கார் தளத்தின் ஓரங்களில், அதாவது தண்ணீர் தேங்குகிற, யார் கண்ணிலும் படாத இடங்களில்தான் துரு தின்னும். ஒரு தகடு தேய்ந்துவிட்டதே என்று வெட்டி எடுத்தால் பக்கத்துத் தகடும் மெலிந்திருக்கும், அப்படியே வேலை நீண்டுகொண்டே போகும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1927இல் கட்டிய 4 ஃபெர்ரிகள் 80 வருடம் ஓடின. 2007 நவம்பரில் அடிப்பகுதி அரிப்பு காரணமாக நான்கையும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள், 2009இல் மெக்சிகோவுக்கு இழுத்துப் போய் உடைத்தார்கள்.

துரு மட்டும் காரணமில்லை. 1987இல் ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ், 1994இல் எஸ்டோனியா, இந்த இரண்டு ஃபெர்ரிகளும் கவிழ்ந்ததற்குக் கார் தளத்தில் தண்ணீர் புகுந்ததுதான் காரணம். தடுப்பே இல்லாத அந்த நீண்ட தளத்தில் கொஞ்சம் தண்ணீர் ஒரு பக்கமாகச் சரிந்தாலே கப்பல் கவிழும். அதற்குப் பிறகு விதிகள் கடுமையாகிவிட்டன, பழைய கப்பலை அதற்கேற்ப மாற்ற ஆகிற செலவைப் பார்த்துவிட்டுத்தான் நிறைய உரிமையாளர்கள் கைவிடுகிறார்கள்.

கரைக்காற்று:
வேறு நாட்டுக்குக் கொடுக்கலாம் என்று நல்ல மனதோடுதான் கேட்கிறீர்கள், ஆனால் எனக்குப் பயம் தருவதே அதுதான். அல்-சலாம் போக்காச்சியோ 98 என்ற கப்பல் 1970இல் இத்தாலியில் கட்டியது, பிற்பாடு மேலே தளங்கள் சேர்த்தார்கள், கடைசியில் செங்கடலில் ஓடியது. 2006இல் உள்ளே தீப்பிடித்து, அணைக்க அடித்த தண்ணீரே வெளியேற வழியில்லாமல் கார் தளத்தில் சேர்ந்து கப்பல் கவிழ்ந்தது, 1,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். கொரியாவின் செவோல் ஜப்பானில் 18 வருடம் ஓடியபின் வாங்கியது. வாங்கியதும் மேலே அறைகள் கட்டினார்கள், அப்புறம் சரக்கையும் அளவுக்கு மீறி ஏற்றினார்கள், 2014இல் அது கவிழ்ந்து 304 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். வயது மட்டுமே கொன்றது என்று சொல்லவில்லை. ஆனால் ஒருவர் கழித்துக்கட்டியதை இன்னொருவர் மலிவாக வாங்கி, கூடுதல் ஆள் ஏற்ற மாற்றும்போது அந்த ஆபத்தைச் சுமப்பது டிக்கெட் எடுத்தவர்தான். நேரத்தோடு உடைப்பதே மேல்.

நங்கூரம்:
அதற்காக எல்லாவற்றையும் உடைத்துவிடலாம் என்று விட்டுவிட முடியாது. ஸ்காட்லாந்தின் வேவர்லி 1946இல் இறங்கிய துடுப்புச்சக்கரக் கப்பல், 1974இல் ஆர்வலர் சங்கம் ஒன்றுக்கு வெறும் 1 பவுண்டுக்கு விற்றார்கள், இன்றும் கடலில் பயணிகளோடு போகிறது. 1 பவுண்டுக்கு வாங்கியதைக் காப்பாற்ற அதற்குப் பிறகு எத்தனை முறை நிதி திரட்ட வேண்டியிருந்தது என்பதுதான் விஷயம். எதிர்ப்பக்கம் அமெரிக்காவின் கலக்காலா. 1935இல் வந்தபோது அவ்வளவு அழகான ஃபெர்ரி, 1967இல் ஓய்வு, அலாஸ்காவில் மீன் பதப்படுத்தும் ஆலையாகக் கிடந்ததை 1998இல் சியாட்டிலுக்கு மீட்டு வந்தார்கள். பணம் சேரவில்லை, 2015இல் உடைத்தார்கள். ஆசையோடு, நிறுத்திவைக்க இடமும் வருடாவருடம் வரும் வருமானமும் வேண்டும்.

அலைவாசி:
சரி, புரிகிறது. அப்படியென்றால் எங்கே, எப்படி உடைப்பார்கள்?

என்ஜின்ரூம்:
இதைத்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். குஜராத்தின் அலங்கில் பெரிய ஓதம் வந்து கடல் நீர் உயரும்போது கப்பலை முழு வேகத்தில் கரையேற்றிவிடுவார்கள், தண்ணீர் வற்றியதும் கேஸ் கட்டரால் துண்டு துண்டாக வெட்டுவார்கள். ஐரோப்பிய ஃபெர்ரிகள் நிறைய துருக்கியின் அலியாகாவுக்குப் போகின்றன. சரக்குக் கப்பலைவிட ஃபெர்ரி தொல்லை பிடித்தது: அறை அறையாகப் பலகை, வயர், பழசானால் சுவருக்குள் ஆஸ்பெஸ்டாஸ். இதையெல்லாம் பிரிக்காமல் கேஸ் கட்டரை வைத்தால் தீயும் நச்சுப் புகையும் தொழிலாளிக்குத்தான். இந்த உழைப்புக்கு ஏற்ற இரும்பும் கிடைக்காது என்பதால் உடைப்பவர் தரும் விலையும் குறையும், அதனால்தான் சில உரிமையாளர்கள் குறுக்கு வழி தேடுகிறார்கள். கொடியை, அதாவது கப்பலைப் பதிவு செய்த நாட்டை மாற்றி, பெயரை மாற்றி, விதி தளர்ந்த இடத்துக்கு அனுப்புவது பழைய வழக்கம்.

கப்பல் உடைப்பைப் பற்றிய சர்வதேச ஹாங்காங் ஒப்பந்தம் 2009இல் ஏற்கப்பட்டு 2025 ஜூனில்தான் நடைமுறைக்கு வந்தது. அதன்படி கப்பலில் என்னென்ன ஆபத்தான பொருள் எங்கெங்கே இருக்கிறது என்ற பட்டியல் இருக்க வேண்டும். உங்கள் ஃபெர்ரி நிறுவனத்துக்கு எழுதி, எந்த உடைப்புத் தளத்துக்கு அனுப்புகிறார்கள், அந்தப் பட்டியல் தயாரா என்று கேளுங்கள். கப்பலின் மணியையும், அதைக் கட்டிய நிறுவனத்தின் பெயர்ப் பலகையையும் உள்ளூர் அருங்காட்சியகத்துக்குத் தரச் சொல்லி அதே கடிதத்தில் எழுதிவிடுங்கள், விற்பனை ஒப்பந்தம் முடியும் முன்பே கேட்க வேண்டும், முடிந்தபின் கப்பலில் உள்ள ஸ்பூன்கூட வாங்கியவருக்குத்தான்.