உதவி: புது லாட் (தயாரிப்புத் தொகுதி) மாற்றியதும் ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் நேரத்தைப் பொதுவான அளவில் சொல்லும் எண்) ஏறுகிறது, கண்ட்ரோல் மட்டும் சரியாக இருக்கிறது

இரவுப்பணி:
அவசரம். பிடி (பிளாஸ்மா உறைய எடுக்கும் நேரம்) பார்க்கும் ரீஏஜென்ட் தீர்ந்து புதுப் பெட்டி திறந்தோம். நார்மல் கண்ட்ரோல் (சோதனை சரியா என்று பார்க்கும் மாதிரி) 12 வினாடி, சரியாக வருகிறது. ஆனால் ரத்தம் உறைவதைக் குறைக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிற எல்லாருக்கும் ஐஎன்ஆர் கூடுதலாகக் காட்டுகிறது. ரெஃபரன்ஸ் பிளாஸ்மாவும் ஓட்டிவிட்டேன். என்ன செய்வது?

ஊசிமுனை:
எந்த மெஷின்? ஐஎஸ்ஐ (ரீஏஜென்டின் உணர்திறனைக் குறிக்கும் எண்) எவ்வளவு? பழைய லாட்டும் இதே கம்பெனியா?

சிவப்பணு:
டியூபைப் பாருங்கள். ரத்தம் உறையாமல் வைக்கும் 3.2% சிட்ரேட்தானா? ரத்தம் குறைவாக எடுத்தால் ரத்தத்துக்கும் சிட்ரேட்டுக்கும் உள்ள 9:1 விகிதம் கெட்டு நேரம் நீளும். எங்களுக்கு எப்போதும் இதுதான் காரணம்.

இரவுப்பணி:
டியூப் மாறவில்லை. மெஷின் ஆட்டோமேட்டிக்.

ஊசிமுனை:
சரி, ஐஎஸ்ஐ?

மூத்தவன்:
முதலில் ரெஃபரன்ஸ் பிளாஸ்மா என்று எதைச் சொல்கிறீர்கள்? கண்ட்ரோல் வேறு, நார்மல் பூல் (ஆரோக்கியமான பலரின் பிளாஸ்மாக் கலவை) வேறு, ஐஎன்ஆர் மதிப்பு குறித்துத் தரும் காலிபரேஷன் பிளாஸ்மா வேறு. ஐஎன்ஆர் 1983இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்ற முறை. இந்த அடிப்படை தெரியாமல் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடக்கூடாது.

நீலமூடி:
திட்டுவதைவிடக் கணக்கைச் சொல்லலாமே. நோயாளியின் பிடியை எம்என்பிடியால் (ஆரோக்கியமானவர்களின் சராசரி பிடி) வகுத்து, ஐஎஸ்ஐ அடுக்குக்கு ஏற்றினால் ஐஎன்ஆர். கண்ட்ரோல் 12, எம்என்பிடி 12 என்றால் விகிதம் 1. ஒன்றை எந்த அடுக்குக்கு ஏற்றினாலும் ஒன்றுதான். அதனால் ஐஎஸ்ஐ தப்பாக இருந்தாலும் நார்மல் கண்ட்ரோல் காட்டிக்கொடுக்காது. நீண்ட பிடியில்தான் தெரியும். 26 வினாடிக்கு ஐஎஸ்ஐ 1.3 போட்டால் 2.7, 1.0 போட்டால் 2.2. புதுப் பெட்டியின் தாளில் உள்ள ஐஎஸ்ஐ, அதுவும் உங்கள் மெஷினுக்கு உரியது, ஏற்றப்பட்டிருக்கிறதா? அப்புறம், எம்என்பிடி புதிதாக எடுத்தீர்களா?

சிவப்பணு:
எம்என்பிடிக்குக் கண்ட்ரோல் மதிப்பையே போட்டுவிடலாம். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

மூத்தவன்:
தப்பு. ஆரோக்கியமானவர்கள் குறைந்தது 20 பேர், ஆண் பெண் இருபாலரும், பெருக்கல் சராசரி. லாட் மாறும்போது திரும்ப எடுக்க வேண்டும்.

சிவப்பணு:
சின்ன லேபில் 20 பேருக்கு எங்கே போவது? பணியாளர்களே 6 பேர்.

மூத்தவன்:
பல நாளில் சேர்க்கலாம். மனம் வேண்டும்.

ஊசிமுனை:
அவர் கேட்டது அதுவல்ல. நண்பரே, ஐஎஸ்ஐ பார்த்தீர்களா?

நீலமூடி:
இதய வால்வு மாற்றியவருக்கு ஐஎன்ஆர் பொய்யாக ஏறினால் மருத்துவர் மருந்தைக் குறைத்துவிடுவார், வால்வில் ரத்தம் உறையும். தெரியும்வரை ரிப்போர்ட்டை நிறுத்துங்கள்.

இரவுப்பணி:
ஐஎஸ்ஐ பழையதுதான் இருந்தது, 1.3. தாளில் 1.0. மாற்றிவிட்டேன், காலிபரேஷன் பிளாஸ்மா கேட்டிருக்கிறேன். நேற்றுக் கொடுத்த ரிப்போர்ட்டுகளுக்காக மருத்துவர்களுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறேன். நன்றி.