ஜீப் ஆக்ஸில் டிரெய்லர்: புதுப்பிப்பு

காயலான் கடையில் வாங்கிய பழைய மஹிந்திரா ஜீப்பின் பின் ஆக்ஸிலில் (பின் சக்கரங்கள் மாட்டியிருக்கும் அச்சு) தோட்டத்து டிரெய்லர் செய்கிறேன் என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது ஓடுகிறது!

அப்போது ஒரு தவறு சொல்லிவிட்டேன். உள்ளே இருக்கும் ஷாஃப்ட்டுகளை (சக்கரத்தைச் சுழற்றும் தண்டுகள்) உருவி எடுத்துவிடலாம் என்றேன். தயவுசெய்து செய்யாதீர்கள். இந்த ஆக்ஸிலில் சக்கரத்தைத் தாங்குவதே அந்த ஷாஃப்ட்தான். உருவினால் சக்கரமும் கூடவே வந்துவிடும். நடுவில் உள்ள டிஃபரென்ஷியல் (எஞ்சின் விசையை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பகுதி) கூட்டையும் விட்டுவைத்தேன். இரண்டு ஷாஃப்ட்டும் அங்கேதான் ஒன்றையொன்று முட்டி நிற்கின்றன. எஞ்சின் விசையை அங்கே கொண்டுவரும் பல்சக்கரங்களான கிரவுன் வீலையும் பினியனையும் மட்டும் கழற்றி, பினியன் துளையைத் தகடு வைத்து அடைத்து, எண்ணெய் ஊற்றினேன்.

முதல் ஓட்டத்தில் டிரெய்லரின் வால் பக்கவாட்டில் ஆடியது, பயந்தே போனேன். 12 மூட்டையோடு மொத்தம் 900 கிலோ. இழுக்கும் வண்டியோடு மாட்டும் கொக்கியில் வெறும் 40 கிலோதான் இறங்கியது. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் அங்கே இறங்க வேண்டும். ஆக்ஸிலை 20 செ.மீ. பின்னால் தள்ளியதும் 95 கிலோ ஆனது, ஆட்டம் நின்றது.

அப்புறம், பழைய பிரேக் டிரம்மை வீசாதீர்கள். ஹேண்ட்பிரேக் கேபிள் கோத்தால் சரிவில் நிறுத்த உதவும். அந்த வேலைதான் பாக்கி.