மின்கட்டணத்தில் மாறும் செலவை எப்படிப் பிரிப்பது?

குழுவினருக்கு வணக்கம். ஆம்பூரில் ஷூவின் மேற்பகுதியைத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். வேலை குறைந்த மாதத்தில், வழக்கமான கூலிக்குக் கீழே கேட்கப்படும் ஒரு ஆர்டரை ஏற்கலாமா என்று முதலாளி கேட்கிறார். ஜோடிக்கான மாறும் செலவு (உற்பத்தியோடு கூடிக் குறையும் செலவு) தெரிந்தால்தான் பங்களிப்பு, அதாவது கூலியில் அந்தச் செலவு போக மீதி, ஏதேனும் மிஞ்சுமா என்று சொல்ல முடியும்.

தோலை ஆர்டர் கொடுப்பவரே அனுப்பிவிடுவார். நூல், பசை ஆகியவற்றிலும் குழப்பமில்லை. சிக்கல் மின்கட்டணத்தில்தான். 12,000 ஜோடி தைத்த மாதத்தில் 1,90,000 ரூபாயும், 20,000 ஜோடி தைத்த மாதத்தில் 2,38,000 ரூபாயும் வந்ததால், உயர்-தாழ் முறைப்படி (அதிகம் தைத்த மாதத்துக்கும் குறைவாகத் தைத்த மாதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துப் பிரிப்பது) ஜோடிக்கு 6 ரூபாய் மாறும் செலவு, 1,18,000 ரூபாய் நிலைச் செலவு என்று கிடைக்கிறது. ஆனால் எங்களுடையது உயர் அழுத்த இணைப்பு. அதிகம் தைத்த அந்த மாதத்தில் இரண்டாவது தையல் வரிசையும் கம்ப்ரசரும் சேர்ந்து ஓடியதால் உச்சத் தேவை (ஒரே நேரத்தில் இழுக்கும் அதிகபட்ச மின்சாரம்) கூடி, அதற்கென விதிக்கப்படும் டிமாண்ட் கட்டணமும் ஏறியது. ஆகவே அந்த 6 ரூபாயில் ஜோடிக்கு ஜோடி கூடாமல் ஒரு கட்டத்தில் படிபோல் தாவி ஏறும் செலவும் கலந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். (பில்லில் டிமாண்ட் கட்டணமும் யூனிட் கட்டணமும் தனித்தனியாகவே இருக்கும்போது, இரண்டே மாதங்களை நம்பும் இந்த முறை எதற்கு என்றும் தோன்றுகிறது.)

பில்லில் உள்ளபடியே பிரித்துக்கொள்வது போதுமா, அல்லது 12 மாதத் தரவை எடுத்து ரிக்ரஷன் (எல்லா மாதங்களுக்கும் பொருந்தும் கோட்டைக் கணிக்கும் புள்ளியியல் முறை) போட வேண்டுமா? மாதச் சம்பளத்தில் இருக்கும் தையல்காரர்களின் ஊதியத்தை இந்த முடிவுக்கு நிலைச் செலவாகக் கொள்ளலாமா? ஆண்டிறுதிச் சரக்கு மதிப்பீட்டில் நிலையான மேற்செலவை இயல்பான உற்பத்தித் திறனை வைத்துச் சேர்ப்பது தனி விஷயம். அதை இங்கே கேட்கவில்லை. தோல், காலணித் துறையில் செலவுக் கணக்கு பார்த்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.