ஃபாக்ஸோ3 நாக்அவுட் பெண் எலி: முதல் ஈத்துக்குப் பிறகு குட்டியே இல்லை. எங்கே தப்பு?

ஆய்வு மாணவி
வணக்கம். ஃபாக்ஸோ3 ஜீனின் ரெண்டு பிரதியும் இல்லாத பெண் எலிகளை 7 வார வயசில் ஜோடி சேர்த்தேன். முதல் ஈத்தில் நாலைந்து குட்டி. அதோடு நின்னுபோச்சு. வயசு இப்போ 4 மாசம். ஆணை மாத்தினேன், கூண்டைச் சத்தமில்லாத மூலையில் வச்சேன், பலனில்லை. கூடப்பிறந்த சாதா பெண்கள் அதே ஆண்களோடு ஒழுங்கா ஈனுது. பராமரிப்பில் குறைன்னு கைடு சொல்றார். ரொம்பக் கலக்கமா இருக்கு.

கூண்டுக்காரர்
காலையில் பிளக் (இணை சேர்ந்ததும் பெண்ணோட பிறப்புறுப்பில் உறையுற அடைப்பு) தெரியுதா?

ஆய்வு மாணவி
ஆரம்பத்தில் இருந்தது. ஒரு மாசமா இல்லை, சார்.

செக்‌ஷன் அக்கா
உன் மேல தப்பே இல்லம்மா. அந்த ஜீன் போனா இதுதான் நடக்கும். 2003-லேயே சயன்ஸ் இதழில் வந்தாச்சு: இந்தப் பெண்கள் சுமார் 15 வாரத்துக்குள் மலடாகிடும்.

பெண் எலிக்கு முட்டைக் கையிருப்பு பிறந்த சில நாளிலேயே முடிவாகிடும். அதில் பெரும்பாலானவை தூங்கணும், கொஞ்சம் கொஞ்சமா எழும்பணும். தூங்க வைக்கிறது முட்டையின் உட்கருவில் இருக்கிற ஃபாக்ஸோ3. அது இல்லேன்னா மொத்தமும் ஒரே நேரத்தில் விழிச்சுக்கும். அதனாலதான் 2 வாரக் குட்டியோட ஓவரி சாதாவைவிடப் பெரிசா இருக்கும். பார்க்க ஆரோக்கியம் மாதிரி தெரியும், ஆனா சேமிப்பு கரையுது. முதல் ஈத்து வந்ததும் அந்த அலையில் தப்பின முட்டைகளால்தான்.

2008-ல் முட்டையில் மட்டும் பிடென் ஜீனை நீக்கினப்பவும் இதே கதை. பிடென்தான் ஏகேடிங்கிற புரதத்தை அடக்கி வைக்குது; பிடென் போனா ஏகேடி கட்டவிழ்ந்து ஃபாக்ஸோ3-ஐ உட்கருவிலிருந்து வெளியே தள்ளிடும்.

இனி ஜோடி சேர்த்துக் காத்திருக்காதே. 3 நாள், 14 நாள், 6 வாரம்னு ஓவரி எடு, கூடப்பிறந்த சாதாவையும் சேர்த்து. தொடர் செக்‌ஷனில் (ஓவரியை வரிசையா மெல்லிசா சீவின துண்டுகளில்) உட்கரு தெரியற முட்டையை மட்டும் எண்ணு, இல்லேன்னா ஒண்ணையே ரெண்டு தரம் எண்ணிடுவே. ஓவரி விளிம்பில் தட்டையான செல் சூழ்ந்த சின்ன முட்டைகள் நெருக்கமா நிக்கணும். உன் ஸ்லைடில் அந்த விளிம்பு காலியா இருக்கும்.

ஆய்வு மாணவி
அப்போ இந்த எலி வம்சத்தை எப்படிக் காப்பாத்துறது, அக்கா?

கூண்டுக்காரர்
ஆணுக்குப் பிரச்சினை இல்லை. நாக்அவுட் ஆணை ஹெட்டிரோ (ஜீனின் ஒரு பிரதி மட்டும் இல்லாத) பெண்ணோடு விடுங்க, குட்டியில் சராசரியா பாதி நாக்அவுட்.

ஆய்வு மாணவி
இன்னிக்கு 17 வாரப் பெண்ணின் ஓவரியை எடுத்தேன். கூடப்பிறந்ததோடதில் பாதிகூட இல்லை. ரெண்டையும் ஒரே தட்டில் வச்சுப் படமெடுத்துக் கைடிடம் காட்டப்போறேன். ரொம்ப நன்றி.